மலிவு கப்பல், ஒரே வேலை: ஈவ் ஆன்லைனில் ஒரு டேக்கிள் ஃபிட் உருவான கதை

ஈவ் ஆன்லைனில் சின்ன கேங்குகளோடு சுற்றுகிறவர்களின் குரல் அரட்டையில் அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்று உண்டு: "போயிட்டான், வார்ப் ஆயிட்டான்." வார்ப் என்பது கப்பல் அதிவேகத்தில் தொலைதூரத்துக்குப் பாய்வது. இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் கேங்கிலும் அதே பாட்டுதான். நான்கைந்து பேர், எல்லோரிடமும் நன்றாக அடிக்கக்கூடிய கப்பல்கள். எதிரியை ஓடவிடாமல் பிடித்து வைக்க ஒரே ஒரு கப்பல், அதுவும் புதிதாகச் சேர்ந்த நண்பர் ஒருவரின் ரிஃப்டர் என்ற சின்ன கப்பல். இலக்கு கண்ணில் படும், கேங் பாயும், ரிஃப்டர் நெருங்குவதற்குள் இலக்கு காணாமல் போகும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்கிற கதை வாரக்கணக்கில் ஓடியது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் இருக்கும் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விண்வெளி ஆட்டம் இது. கிட்டத்தட்ட எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே பிரபஞ்சத்தில் ஆடுகிறார்கள். கப்பலில் எந்தெந்தக் கருவிகளைப் பொருத்துவது என்ற தேர்வுக்கு 'ஃபிட்' என்று பெயர்; அந்தக் கருவிகள்தான் 'மாட்யூல்', அவற்றுக்கான இடங்கள் மேல், நடு, கீழ் என்று மூன்று வரிசை. கப்பல் வெடித்தால் வெடித்ததுதான், திரும்ப வராது. அதனால் "எந்தக் கப்பல் நல்லது?" என்ற கேள்வியோடு "எதை இழந்தால் எனக்கு வலிக்காது?" என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டே வரும். புதியவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

டேக்கிள் கப்பலின் வேலை கபடியில் காலைப் பிடிப்பவரின் வேலைதான். ரைடு வந்தவனை அவர் ஒருவரே சாய்க்க வேண்டியதில்லை. மற்றவர்கள் வந்து விழும்வரை விடாமல் இருந்தால் போதும்.

பழைய ஃபிட் எங்கே தோற்றது

நண்பரின் ரிஃப்டர் மோசமான ஃபிட் இல்லை. ஒற்றைக்கு ஒற்றை சண்டைக்கு அது கச்சிதம்: மூன்று ஆட்டோகேனன் துப்பாக்கி, வேகத்தைக் கூட்டும் மைக்ரோவார்ப்டிரைவ், எதிரியின் வார்ப்பைத் தடுக்கும் ஸ்க்ராம், எதிரியின் வேகத்தைக் குறைக்கும் வெப், கீழே கனமான ஆர்மர் ப்ளேட், சேதத்தைக் குறைக்கும் டேமேஜ் கன்ட்ரோல். யாரோ அனுபவசாலி எழுதிக் கொடுத்த ஃபிட் என்று பார்த்தாலே தெரியும். எழுதிக் கொடுத்தவரின் மனதில் இருந்த சண்டை வேறு, இந்த கேங் செய்யும் வேலை வேறு. சிக்கல் அங்கேதான்.

கேங் வேட்டையாடும் இடம் நல்செக், அதாவது காவல் இல்லாத பகுதி. இலக்கு பெரும்பாலும் அனாமலியில் (கணினி ஓட்டும் கொள்ளையர் கப்பல்கள் கூடும் இடம்) தனியாக ராட்டிங் செய்யும் (அவற்றைச் சுட்டுப் பணம் சேர்க்கும்) இஷ்டார் மாதிரியான ட்ரோன் கப்பல். நல்செக்கில் புதிய ஆள் சிஸ்டத்துக்குள் (ஒரு விண்மீன் மண்டலம்) வந்த உடனே, அங்கே இருப்பவர்களைக் காட்டும் லோக்கல் பட்டியலில் பெயர் தெரிந்துவிடும். தூங்காத ஆள் என்றால் அதைப் பார்த்ததுமே ட்ரோன்களைத் திரும்ப அழைத்து, பாதுகாப்பான ஸ்டேஷனை நோக்கி அலைன் ஆகத் தொடங்கிவிடுவான், அதாவது வார்ப் ஆக அந்தத் திசையில் திரும்பி வேகம் பிடிப்பான். சில கில்லாடிகள் ராட்டிங் செய்யும்போதே அலைன் ஆன நிலையில்தான் நகர்ந்துகொண்டிருப்பார்கள். அவர்களை எந்த ஃபிட்டாலும் பிடிக்க முடியாது, மறந்துவிடலாம். நமக்குக் கிடைப்பவன் அரைக் கண்ணில் படம் பார்த்துக்கொண்டே ராட்டிங் செய்கிறவன். அவன் லோக்கலைக் கவனிக்கும் நேரத்துக்கும் நாம் பிடிக்கும் நேரத்துக்கும் இடையிலான பந்தயம்தான் முழு வேட்டையும்.

ஆக, அளக்க வேண்டியது டேமேஜை அல்ல, விநாடிகளை. சிஸ்டத்துக்குள் நுழைந்து நகரத் தொடங்கியதிலிருந்து இலக்கின் மேல் பாயிண்ட் (வார்ப்பைத் தடுக்கும் பிடி) விழும்வரை மூன்று துண்டுகள் இருக்கின்றன: அலைன் ஆவது, வார்ப், இறங்கிய இடத்திலிருந்து இலக்குவரை பாய்வது.

முதல் துண்டில்தான் பலரும் பணத்தைக் கொட்டுகிறார்கள். கப்பல் தன் உச்ச வேகத்தில் 75 சதவீதத்தை எட்டினால்தான் வார்ப் ஆகும். அதற்கு ஆகும் நேரம் நிறையையும் இனர்ஷியா எண்ணையும் பொறுத்தது: நிறையை 10 லட்சம் கிலோ அலகில் வைத்து, இனர்ஷியாவால் பெருக்கி, அதை 1.386 ஆல் பெருக்கினால் விநாடி வந்துவிடும். ரிஃப்டரின் நிறை 10,67,000 கிலோ, இனர்ஷியா 3.2 ஐ ஒட்டி. ஸ்பேஸ்ஷிப் கமாண்ட், இவேசிவ் மனூவரிங் என்ற இரண்டு திறன்களும் ஐந்தாம் நிலையில் இருக்கும் ஒருவருக்கு அது 2.16 ஆகக் குறையும். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 3.2 விநாடி.

இங்கேதான் ஆட்டத்தின் ஒரு குணம் குறுக்கே வருகிறது. சர்வர் விநாடிக்கு ஒரு முறைதான் கணக்குப் பார்க்கிறது. 3.2 என்பது நடைமுறையில் 4. கப்பலைச் சுறுசுறுப்பாக்கும் நானோஃபைபர் மாட்யூல் ஒன்று போட்டால் இனர்ஷியா சுமார் 16 சதவீதம் குறைந்து 2.7 ஆகும், அதாவது 3. ஒரு முழு விநாடி லாபம். சரி, இரண்டாவது நானோஃபைபர்? ஒரே வகை மாட்யூல் இரண்டாவது வரும்போது அதன் பலன் 87 சதவீதமாகத் தேயும். நேரம் 2.3 விநாடி, சர்வர் கணக்கில் இன்னும் அதே 3. மூன்றாவதும் போட்டால் 2.1. அப்போதும் 3 தான்! ரிக்குகளையும் (கப்பலில் நிரந்தரமாகப் பதிக்கும் கருவிகள்) இதற்கே செலவழித்து 2 க்குக் கீழே இறக்கினால்தான் அடுத்த படி, ஆனால் அப்படி முழுவதையும் அலைனுக்கே கொடுத்த கப்பலில் வேறு எதற்கும் இடம் இருக்காது. அது ஊர்விட்டு ஊர் போக நல்லது, பிடிக்க உதவாது.

நண்பரின் ரிஃப்டரில் திறன்களும் முழுதாக இல்லை, மேலே ப்ளேட்டின் எடை வேறு. அலைன் நேரம் நான்கைத் தாண்டி 5 விநாடிக்குப் போயிருந்தது.

இரண்டாவது துண்டு வார்ப். ரிஃப்டர் மாதிரியான சின்ன கப்பல் வகையான ஃப்ரிகேட்டின் வார்ப் வேகம் விநாடிக்கு 5 வானியல் அலகு. 10 அலகு தூரம் என்றால் 2 விநாடி என்று தோன்றும். உண்மையில் 20 விநாடிக்குக் கிட்டே ஆகும். வேகம் பிடிக்க ஐந்து விநாடி, வேகம் தளர பதிமூன்று, பதினான்கு விநாடி போய்விடுகிறது. நடுவே முழு வேகத்தில் ஓடுவது ஒரு விநாடியோ கொஞ்சம் கூடவோதான். எனவே தூரம் 10 அலகானாலும் 15 அலகானாலும் ஒரே ஒரு விநாடிதான் வித்தியாசம். டி1 (அடிப்படை ரக) ஃப்ரிகேட் எதை எடுத்தாலும் இந்தத் துண்டு ஒன்றுதான், இதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது துண்டில்தான் ரிஃப்டர் கோட்டைவிட்டது. அனாமலியில் நாம் போய் இறங்குவது நுழைவுப் புள்ளியில். இலக்கு அங்கிருந்து 30, 40 கிலோமீட்டர் தள்ளி நிற்பது சாதாரணம். ரிஃப்டரின் ஸ்க்ராம் சாதாரண வகை, எட்டும் தூரம் 7.5 கிலோமீட்டர். 40 இல் இறங்கினால் 32.5 கிலோமீட்டர் ஓட வேண்டும். ப்ளேட் சுமந்த ரிஃப்டர் மைக்ரோவார்ப்டிரைவில் விநாடிக்கு 2,300 மீட்டர் போனது. 14 விநாடி. மூன்று துண்டையும் கூட்டினால் 39.

இதே இடத்தில் ப்ளேட் இல்லாத, 3,500 மீட்டர் வேகமுள்ள கப்பல் 20 கிலோமீட்டர் எட்டும், வார்ப்பைத் தடுக்கும் டிஸ்ரப்டரோடு வந்தால்? ஓட வேண்டியது 20 கிலோமீட்டர், 6 விநாடி. அலைன் 3, வார்ப் 20, ஆக 29. பத்து விநாடி மிச்சம். அரைக்கண் ராட்டர் லோக்கலைப் பார்த்து, திடுக்கிட்டு, ட்ரோனை அழைத்து, கப்பலைத் திருப்பும் நேரம் ஏறக்குறைய அந்தப் பத்து விநாடிதான்.

ப்ளேட்டைக் கழற்றச் சொன்னதும் நண்பர் அழாத குறை. "அண்ணா, ப்ளேட் இல்லன்னா ரெண்டு அடியில செத்துடுவேன்." கேங்கை நடத்துபவர் அசரவில்லை. "செத்துக்கோப்பா. ஆனா பிடிச்சுட்டுச் சாவு."

நான்கு கப்பல்கள்

2012 இல் வந்த திருத்தங்களில் சிசிபி டி1 ஃப்ரிகேட்டுகளுக்கு ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுத்தது. வேகமாகப் போய்ப் பிடிக்கும் வேலை நான்கு கப்பல்களுக்கு விழுந்தது: அமார் இனத்தின் எக்ஸிக்யூஷனர், கல்டாரியின் காண்டோர், காலண்ட்டேயின் அட்ரான், மின்மடாரின் ஸ்லாஷர். ஸ்க்ராம், டிஸ்ரப்டர் இயக்க ஆகும் கெப்பாசிட்டர் (கப்பலின் மின்சேமிப்பு) செலவில் இவற்றுக்கு 80 சதவீதம் தள்ளுபடி. மைக்ரோவார்ப்டிரைவ் கெப்பாசிட்டரைக் குடித்துத் தீர்க்கும் கப்பலில் இந்தத் தள்ளுபடி சின்ன விஷயமே இல்லை. ரிஃப்டருக்கு இது கிடையாது. அதன் பெயரும் புகழும் வேறு வகையில் வந்தது. 2000களின் நடுவில் கூன்ஸ்வார்ம் கூட்டணி பழகாத புதியவர்களை மலிவான ரிஃப்டர்களில் கூட்டம் கூட்டமாக இறக்கி, தங்களைவிடப் பணமும் அனுபவமும் மிகுந்த பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் கூட்டணியோடு மோதிய காலத்திலிருந்து அது ஏழைகளின் போர்க்கப்பல். அந்தப் பாசத்தில் இன்னும் பலர் முதல் கப்பலாக அதையே வாங்குகிறார்கள். பாசம் வேறு, பாயிண்ட் வேறு.

நான்கில் எது என்பதை முடிவு செய்தது நடு இடங்களின் எண்ணிக்கை. அட்ரானுக்கும் எக்ஸிக்யூஷனருக்கும் நடுவில் மூன்று இடம், ஸ்லாஷருக்கும் காண்டோருக்கும் நான்கு. மைக்ரோவார்ப்டிரைவ் ஒன்று, டிஸ்ரப்டர் ஒன்று என்று போட்டபின் மூன்று இடக்காரனுக்கு மிச்சம் ஒன்றுதான். நான்கு இடக்காரனுக்கு இரண்டு: கொஞ்சம் ஷீல்டு, கூடவே ஒரு ஸ்க்ராம். அட்ரான் கிட்டே போய் பிளாஸ்டர் துப்பாக்கியில் கிழிப்பதற்கு அருமையான கப்பல், தனி வேட்டைக்கு என் ஓட்டு அதற்குத்தான். இந்த வேலைக்கு இல்லை.

ஸ்லாஷரா காண்டோரா என்பதில் கேங்குக்குள் கொஞ்சம் இழுபறி. ஸ்லாஷர் துப்பாக்கிக் கப்பல். அதை ஓட்டுபவர் தூரம், கோணம், ட்ராக்கிங் எல்லாம் மனதில் வைத்துச் சுட வேண்டும். காண்டோரின் லைட் மிசைலுக்கு அந்தக் கவலை இல்லை. பட்டனை அமுக்கிவிட்டால் அது பாட்டுக்குத் தேடிப் போகும், 17 கிலோமீட்டரில் சுற்றிக்கொண்டே ட்ரோன்களையும் சுடலாம். புதிய ஆளுக்கு இரண்டு கையும் ஓட்டுவதற்கே வேண்டும் என்பதால் காண்டோர் வென்றது.

எது உள்ளே, எது வெளியே

பட்ஜெட், கப்பல் மாட்யூல் எல்லாம் சேர்த்து ஒரு கோடி ஐஎஸ்கேக்குள் (ஐஎஸ்கே ஆட்டத்தின் பணம்). கப்பலின் உடல் மட்டும் சில லட்சம்தான், செலவு முழுவதும் மாட்யூலில். இன்ஷூரன்ஸ் எடுக்காவிட்டாலும் உடலின் அடிப்படை மதிப்பில் 40 சதவீதம் தானாக வந்துவிடும், ஆனால் மாட்யூலுக்கும் ரிக்குக்கும் சல்லிக்காசு வராது. அதனால்தான் மலிவான உடலில் யானை விலை மாட்யூலைப் போடுவதை மூத்த ஆட்டக்காரர்கள் கிண்டல் செய்கிறார்கள். நான்கு கோடி டிஸ்ரப்டரோடு வெடித்த காண்டோரின் கில்மெயிலை (அழிந்த கப்பலின் பதிவு) எதிரி பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வான்.

மேலே மூன்று லைட் மிசைல் லாஞ்சர். நடுவில் 5 மெகாநியூட்டன் மைக்ரோவார்ப்டிரைவின் காம்பாக்ட் வகை, டிஸ்ரப்டர், ஸ்க்ராம், மீடியம் ஷீல்டு எக்ஸ்டெண்டர். கீழே இரண்டு இடம். ஒன்றில் நானோஃபைபர், காரணம் மேலே பார்த்த கணக்கு. இன்னொன்றில் டேமேஜ் கன்ட்ரோல் போட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். போடவில்லை. மீடியம் எக்ஸ்டெண்டர் கப்பலின் பவர்கிரிட் சக்தியை விழுங்கிவிடுவதால், திறன் குறைந்த ஆளுக்கு அதைக் கூட்டும் மைக்ரோ ஆக்ஸிலியரி பவர் கோர் இல்லாமல் இந்த ஃபிட் உட்காரவே உட்காராது. எக்ஸ்டெண்டரைச் சின்னதாக்கி டேமேஜ் கன்ட்ரோல் போடுவது மாற்று வழி. அடிபடாமல் தள்ளி நிற்கும் கப்பலுக்கு முதல் அடியைத் தாங்கும் ஷீல்டுதான் முக்கியம் என்று இந்த வழியை எடுத்தோம். மறுத்துப் பேசுபவர்களிடமும் நியாயம் இருக்கிறது.

ரிக்குகளில் இரண்டு பாலிகார்பன். அலைனுக்காக அல்ல, வேகத்துக்காக. அதன் பாதகம் ஆர்மர் குறைவது. ஷீல்டை நம்பும் கப்பலுக்கு ஆர்மர் போனால் என்ன? மூன்றாவது, ஷீல்டின் மின்காந்த எதிர்ப்பைக் கூட்டும் ரிக். டி1 ஷீல்டில் அந்த எதிர்ப்பு பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது.

மைக்ரோவார்ப்டிரைவுக்குப் பதில் அதைவிட மெதுவான ஆஃப்டர்பர்னர் போட்டால் பிழைக்கலாமே என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. மைக்ரோவார்ப்டிரைவ் வேகத்தை ஐந்தாறு மடங்கு ஆக்கும்போது கப்பலின் சிக்னேச்சரையும் (எதிரியின் கண்ணுக்குத் தெரியும் அளவு) ஆறு மடங்கு ஊதிவிடும். சுற்று எண்களில்: 17 கிலோமீட்டரில் 3,500 மீட்டர் வேகத்தில் சுற்றினால் கோண வேகம் 0.2 ரேடியன், சிக்னேச்சர் 210 மீட்டர். ஆஃப்டர்பர்னரில் 7 கிலோமீட்டரில் 900 மீட்டர் வேகத்தில் சுற்றினால் 0.13 ரேடியன், ஆனால் சிக்னேச்சர் 35 மீட்டர்தான். துப்பாக்கிக்கு முக்கியம் இந்த இரண்டின் விகிதம். அப்படிப் பார்த்தால் ஆஃப்டர்பர்னர் கப்பலைச் சுடுவது மூன்று மடங்குக்கும் மேல் கடினம். ஆனால் அது 40 கிலோமீட்டரிலிருந்து ஸ்க்ராம் தூரத்துக்கு வந்து சேர 36 விநாடி ஆகும். அதற்குள் இலக்கு வீட்டுக்குப் போய்க் காபி போட்டுவிடும். பிடித்தபின் பிழைக்கும் கப்பலும் பிடிக்கப் போகும் கப்பலும் ஒன்றல்ல. இரண்டும் ஒரே உடலில் வேண்டும் என்றால், மைக்ரோவார்ப்டிரைவின் சிக்னேச்சர் ஊதலைக் குறைக்கும் இன்டர்செப்டர் வகைக் கப்பலுக்குப் போக வேண்டும், விலையும் அதற்கேற்ப.

களத்தில்

புதிய காண்டோர் முதலில் பிடித்த இஷ்டார் நுழைவுப் புள்ளியிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டரில் இருந்தது. அது திரும்பத் தொடங்கியிருந்த நேரத்தில் டிஸ்ரப்டர் விழுந்தது. அடுத்த நொடியே ராட்டரின் லைட் ட்ரோன்கள் கிளம்பின. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: டேக்கிள் ஃப்ரிகேட்டைக் கொல்வது பெரும்பாலும் பெரிய துப்பாக்கி இல்லை, ட்ரோன்தான். வாரியர் மாதிரி வேகமான ட்ரோன் மைக்ரோவார்ப்டிரைவ் ஓட்டத்தையும் துரத்தும். போதாததற்கு, அனாமலியின் என்பிசி (கணினி ஓட்டும்) கப்பல்கள் ராட்டரை விட்டுவிட்டுப் புதிதாக வந்தவன்மேல் திரும்புவதும் உண்டு. காண்டோரின் ஷீல்டு கரைந்து, ஆர்மரும் போய், கேங்கின் மற்ற கப்பல்கள் வார்ப்பிலிருந்து வெளிவந்து அவர்களின் பாயிண்ட் விழுந்த பிறகு வெடித்தது. இஷ்டாரும் பிழைக்கவில்லை. ஒரு கோடிக்குள் ஒரு கப்பல் போய், பத்து கோடிக்கு மேல் மதிப்புள்ள கப்பல் விழுந்தது. நண்பர் தன் பாடிலிருந்து (கப்பல் வெடித்தபின் ஆள் தப்பும் கூடு) கேட்ட முதல் கேள்வி, "இன்னொண்ணு எங்க இருக்கு?" ப்ளேட் ரிஃப்டரை இழந்தபோதெல்லாம் அவர் கேட்டது, "அதுல இருந்த ப்ளேட் எவ்வளவு தெரியுமா?"

ஓட்டும் முறையிலும் ஒன்று மாறியது. இலக்கை நோக்கி நேராக 'அப்ரோச்' கொடுத்தால் துப்பாக்கிக் கப்பலுக்கு நாம் நகராத பொருள். கோண வேகம் பூஜ்யம், ஊதிய சிக்னேச்சர் வேறு, ஒரே அடியில் கதை முடியும். வெளியில் இரட்டைக் கிளிக் செய்து, சுருள் வட்டமாக நெருங்கக் கற்றுக்கொண்டார். இதற்கு ஐஎஸ்கே செலவில்லை, அவர் பிழைத்த தடவைகள் கூடியதில் பெரும்பங்கு இதற்குத்தான் என்பது என் கணிப்பு. சர்வர் லண்டனில் இருக்கிறது, நம் ஊர் இணையத்தில் இதெல்லாம் சரிப்படுமா என்ற சந்தேகம் வேண்டாம். விநாடிக்கு ஒரு முறை கணக்குப் பார்க்கும் ஆட்டத்தில் 150, 200 மில்லிவிநாடித் தாமதம் யாரையும் கொன்றதில்லை.

எங்கே தோற்றது

வென்ச்சர் சுரங்கக் கப்பலிடம் தோற்றது, கொஞ்சம் அவமானமாகவே. அதற்கு வார்ப் பலம் பிறவியிலேயே 2 கூடுதல். டிஸ்ரப்டர் ஒரு புள்ளி, ஸ்க்ராம் இரண்டு. டிஸ்ரப்டரைப் போட்டுவிட்டு ஜம்பமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அது நிதானமாகக் கிளம்பிப் போனது. இரண்டையும் சேர்த்துப் போட்டு மூன்று புள்ளி ஆக்கினால்தான் நிற்கும். நான்காவது நடு இடத்தில் வெப்புக்குப் பதில் ஸ்க்ராம் வைத்தது அங்கேதான் கைகொடுத்தது. ஆனால் அதற்கு 7.5 கிலோமீட்டருக்குள் போக வேண்டும். போனால் எதிரியின் ஸ்க்ராமுக்கும் நாம் இலக்கு. ஸ்க்ராம் விழுந்தால் மைக்ரோவார்ப்டிரைவ் அணைந்து 3,500 மீட்டர் சில நூறாகும். வென்ச்சரிடம் அந்தப் பயம் குறைவு, க்ரூஸரிடம் போகக் கூடாது.

லோசெக்கில் (காவல் குறைவான பகுதி), சிஸ்டங்களை இணைக்கும் கேட் வாசலில் இந்த ஃபிட் சுத்தமாக உதவவில்லை. சும்மா போகிறவனை நாம் முதலில் தொட்டால் அங்கே கேட் துப்பாக்கிகள் நம் பக்கம் திரும்பும். அந்த அடியை ஃப்ரிகேட் தாங்காது. அங்கே முதல் பாயிண்ட் கனமான கப்பல் ஒன்றின் வேலை என்று கேங் பிரித்துக்கொண்டது. காண்டோர் சிறுகோள் பெல்ட்டுகளையும் அனாமலிகளையும் மட்டும் பார்க்கும்.

இப்போதைய ஏற்பாடு இப்படி. ஃபிட் ஆட்டத்துக்குள்ளேயே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஜிட்டா என்ற பெரிய சந்தையில் மொத்தமாக வாங்கி, ஒரே வகைக் காண்டோர்கள் பத்து பத்தாகப் பொருத்தப்பட்டு கேங்கின் ஸ்டேஷனில் காத்திருக்கின்றன. நண்பரின் திறன்கள் கூடக் கூட பவர் கோர் கழன்றுவிடும், அந்த இடத்துக்கு டேமேஜ் கன்ட்ரோலா இரண்டாவது நானோஃபைபரா என்று இப்போதே சண்டை. நானோஃபைபர் கட்சிக்காரர்களிடம் அலைன் கணக்கைக் காட்டினால், "அலைனுக்குக் கேக்கல, வேகத்துக்குக் கேக்கறோம்" என்கிறார்கள்.